கேள்விகள் மட்டும்

"உப்பளத்துல மொதமொதல்ல எறங்குனப்ப உங்களுக்கு என்ன வயசும்மா?" என்று ஹெட்போனில் ஆய்வாளர் கேட்டார். கேட்டுவிட்டு நிறுத்தினார். நாகலிங்கம் விரல்களை விசைப்பலகைமேல் தயாராக வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார். பதில் வரவில்லை. யோசிக்கிறாள் போலிருக்கிறது, வயதானவள், வயதைக் கேட்டால் யோசிக்கத்தான் செய்வாள் என்று நினைத்தார். அதற்குள் ஆய்வாளர், "அடேயப்பா, அவ்வளவு சின்ன வயசுலயா?" என்றார். எவ்வளவு சின்ன வயதில்? நாகலிங்கம் பதிவைப் பின்னுக்கு இழுத்து மறுபடி ஓடவிட்டார். கேள்வி வந்தது, கணீரென்று, பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதுபோல. அப்புறம் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றும் சொல்லிவிட முடியாது. கண்ணை மூடிக்கொண்டு மூச்சைப் பிடித்தால் எங்கோ இரண்டு வீடு தள்ளி, மூடிய கதவுக்குப் பின்னால் ஒருத்தி முனகுவதுபோல ஏதோ இருந்தது. அது குரலா, காதுக்குள் ஓடுகிற தன் ரத்தமா என்று தெரியவில்லை. ஆனால் திரையில் ஓடுகிற கோடு நெளிந்தது. கேள்வி முடிந்த இடத்துக்கு அப்புறம், அவருக்கு ஒன்றும் கேட்காத அதே இடத்தில், கோடு மலைமலையாக எழும்பி எழும்பி இறங்கியது. சத்தம் இருக்கிறது. அந்த அம்மாள் பேசுகிறாள், விடாமல் பேசுகிறாள், சிரிக்கக்கூடச் சிரிக்கிறாளோ என்னவோ, ஆய்வாளர் சிரிப்பது கேட்கிறதே. சத்தம் இருக்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை. இந்த எண்ணம் வந்ததும் அவர் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். டம்ளரை மேடையில் வைத்தபோது ணங்கென்ற சத்தம் கேட்டது. அது கேட்கிறது.

தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்து, முதலில் செய்ய வேண்டியதை முதலில் செய்தார். ஹெட்போன் வயரை உருவி ஊதிவிட்டுச் செருகினார். கீழே வலது மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தை அமுக்கி அளவைப் பார்த்தார், பாதிக்கு மேல்தான் இருந்தது. நூறுக்குக் கொண்டுபோனார், நூறைத் தாண்டியும் இழுத்தார். ஆய்வாளரின் குரல் மண்டையில் ஆணி அடித்தது. அந்த அம்மாள் மட்டும் அதே மூடிய கதவுக்குப் பின்னாலேயே இருந்தாள். கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸில் சத்தம் படுத்தும் பாடு அவருக்குப் புதிதல்ல. ஹெட்போன் செருகியிருக்கும்போதே வெளியே ஸ்பீக்கரில் அலறும். சில நாள் எல்லாம் சரியாக இருக்கிற மாதிரியே காட்டிவிட்டு, ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்குச் சத்தத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். அதையெல்லாம் அவர் ஒவ்வொன்றாகப் பழகிக்கொண்டார். வக்கீல் அலுவலகத்தில் முப்பது வருஷம் டைப் அடித்தவர், அந்த அலுவலகம் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டரைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதற்கு லினக்ஸ்தான் தாங்கும் என்றார்கள், சரியென்று அவரே சி.டி. போட்டு ஏற்றினார். எது கோளாறானாலும் தன்மேல்தான் தப்பு என்று எடுத்துக்கொள்வது அவர் சுபாவம். டைப்ரைட்டரில் எழுத்து சரியாக விழாவிட்டால் விரலைத்தான் பார்ப்பார், ரிப்பனைப் பார்க்கமாட்டார். நேற்றுச் சாயங்காலம் லினக்ஸைப் புதுப் பதிப்புக்கு மாற்றியிருந்தார், ஆனால் எல்லாம் ஒழுங்காகத்தான் எழுந்து வந்தது, படம், எழுத்துரு, தமிழ் விசை எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. ஆண் குரல் அட்சரம் பிசகாமல் கேட்கிறது. ஆணுக்கு ஒரு சத்தம், பெண்ணுக்கு ஒரு சத்தம் என்று எந்த மெஷினாவது பிரிக்குமா? மெஷின் பிரிக்காது. காது பிரிக்கும். காது பிரிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த டாக்டரிடம் அவர் தனியாகத்தான் போனார். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்து, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்கச் சொன்னார்கள். இடது காதுக்கு அவர் அமுக்கவே இல்லை. அது ஒன்பது வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தபோதே போனது, அதற்காக அவர் வருத்தப்படுவதை எப்போதோ நிறுத்திவிட்டார். வலது காதுக்கு வந்தபோதுதான் அந்தக் காரியத்தைச் செய்தார். சத்தம் மெல்லியதாகி, மெல்லியதாகி, ஊசி முனையாகி, அதற்கும் மேலே போய்விட்டபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்ணின் கை அசைவதைப் பார்த்து அமுக்கினார். ஏன் அமுக்கினார்? பரீட்சையில் ஒரு கேள்வியை விட்டுவிட்டு வரக்கூடாது என்கிற மாதிரி ஒரு கூச்சம். அப்படி ஏமாற்றி வாங்கின படத்தைப் பார்த்துத்தான் டாக்டர், "கீச்சுனு வர்ற மேல் சத்தம் கொஞ்சம் கொறைய ஆரம்பிச்சிருக்குங்க. வயசுதான். பொம்பளைங்க குரல், சின்னப் பிள்ளைங்க குரல், இதுங்கதான் மொதல்ல மங்கும். இப்ப அவசரம் ஒண்ணுமில்ல, ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்றார். ஏமாற்றாமல் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? வீட்டில் மனைவி சுலோசனா கேட்டாள். "வயசுக்குத் தக்கபடி இருக்காம்" என்றார். அது பொய் இல்லை. ஆறு மாதம் ஆகிவிட்டது, அவர் போகவில்லை. மங்கும் என்றுதான் டாக்டர் சொன்னார், விளக்கு மங்குவது மாதிரி மெதுவாக என்று இவர் எடுத்துக்கொண்டார். ஃபியூஸ் போவது மாதிரி, நேற்று இருந்து இன்று இல்லாமல் போகும் என்று யார் சொன்னார்கள். நேற்று கேட்டதா? நேற்று சுலோசனா பேசினாள், கேட்டது. இன்று காலை கரூருக்குக் கிளம்பும்போது பேசினாள். கேட்டதா? அரிசி ஊறப்போட்டிருக்கு, அரைச்சு வையுங்க என்றாள். அது காதில் விழுந்ததா, அல்லது முப்பத்தாறு வருஷமாக அவள் வெளியூர் கிளம்பும்போது சொல்வதை அவர் மனமே சொல்லிக்கொண்டதா? வாய் அசைந்தது, பாத்திரத்தைக் கை காட்டினாள், அவர் தலையாட்டினார். அவ்வளவுதான் நிச்சயமாகத் தெரிகிறது.

கல்யாணமான புதிதில் கோயிலுக்குப் போகும்போது அவள் இடப்பக்கம் நடந்தாள், அப்படித்தானே நடக்கச் சொல்லி அனுப்புவார்கள். தெரு முழுக்க அவள் ஏதோ பேசிக்கொண்டே வந்தாள், அவர் பதிலே சொல்லவில்லை, தேர்முட்டி தாண்டும்போது அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அன்றைக்குத்தான் கூச்சத்தை விட்டு, "எனக்கு அந்தக் காது கேக்காது, இந்தப் பக்கம் வா" என்றார். அவள் மூக்கை உறிஞ்சிவிட்டு வலப்பக்கம் வந்தவள்தான். அவருடைய அம்மா பார்த்துவிட்டு, பொண்டாட்டி இடப்பக்கம்தான் இருக்கணும் என்று ஒரு மாதம் சொல்லிப் பார்த்தாள். "அந்தப் பக்கம் போனா உங்க பையனுக்கு நான் ஊமைங்க அத்தை" என்றாள் சுலோசனா. பஸ்ஸில் ஜன்னல் எந்தப் பக்கம் வந்தாலும் முதலில் அவள் நின்று கணக்குப் பார்த்து உட்காருவாள். படுப்பதும் அப்படியே, கல்யாணப் பந்தியில் இலை போடுவதும் அப்படியே. அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதில்லை. ஒரு பக்கமாவது இருந்தது, அதனால் அவள் நின்ற பக்கம் என்று ஒன்று இருந்தது. இனி எந்தப் பக்கம் நிற்பாள்? எதிரே நிற்க வேண்டியதுதான். எதிரே நின்று வாயைப் பெரிதாகத் திறந்து, கையை ஆட்டி, குழந்தைக்குச் சொல்வதுபோல. அவளுக்குப் பொறுமை கிடையாது. இரண்டாவது தடவை சொல்ல வேண்டி வந்தாலே, "ஒண்ணுமில்ல, விடுங்க" என்பாள். நாளெல்லாம் ஒண்ணுமில்ல விடுங்க என்று சொல்லிச் சொல்லி, அப்புறம் அதையும் சொல்லாமல் விட்டுவிடுவாள். வீட்டில் ஸ்பூன் விழுவது கேட்கும், மிக்ஸி கேட்கும், அவள் மட்டும் கேட்கமாட்டாள்.

"அப்ப உங்களுக்குப் பயமா இல்லையாம்மா?" என்றார் ஆய்வாளர். நிறுத்தாமல் விட்டதால் பதிவு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நாகலிங்கம் திரையைப் பார்த்தார். கோடு நெளிந்தது, அடங்கியது. "வீட்ல யார்கிட்டயாவது சொன்னீங்களா?" சொல்லவில்லை, என்று நாகலிங்கம் வாய்க்குள் சொன்னார். "ஏன் சொல்லல?" ஏன் என்றால், சொன்னால் அது உண்மையாகிவிடும். சொல்லாத வரைக்கும் அது டாக்டரின் மேஜை மேலேயே இருக்கும். "அப்புறம் எப்பதான் சொன்னீங்க?" அவர் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அந்த மனிதர் மேஜையிலிருந்தும் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தார், கொசு மாதிரி. இந்தப் பதிவை டைப் அடித்து இன்று சாயங்காலத்துக்குள் அனுப்புவதாகச் சொல்லித்தான், சுலோசனாவின் அக்கா மகள் சாருமதியின் வளைகாப்புக்குப் போகாமல் தங்கினார். அனுப்பாவிட்டால் பதிவைக் கொடுத்தவர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள், வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். அதுகூடப் பெரிதாகத் தோன்றவில்லை. ஒரு பெண்ணின் குரலைக் கேட்டுப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். கேபிளைப் போன வருஷமே நிறுத்தியாயிற்று, சுலோசனா சீரியல் பார்ப்பது அவள் போனில், அந்தப் போன் அவளோடு கரூரில். தெருவில் இந்த மத்தியானத்தில் ஒரு சத்தமும் இல்லை. தன்னுடைய பொத்தான் போனில் ஏதாவது ஒரு தப்பான நம்பரைப் போட்டால் போதும், கம்பெனிக்காரி பேசுவாள். அவர் போனைக் கையில் எடுத்தார். கையில் எடுத்ததும் அது அடித்தது. சின்னத் திரையில் சுலோ என்று இருந்தது. மணி நன்றாகக் கேட்டது, மேஜை அதிர்வதுபோல் கேட்டது. பச்சைப் பொத்தான்மேல் கட்டைவிரல் இருந்தது. அமுக்கினால் ஹலோ என்பார். அந்தப் பக்கம் அவள் பேசுவாள், இந்தப் பக்கம் ஒன்றும் இருக்காது. மூடிய கதவு, இரண்டு வீடு தள்ளி ஒரு முனகல். அவள் ஹலோ ஹலோ என்று கத்துவது தெரியாமல் இவர் நின்றுகொண்டிருப்பார். போன் அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது. அதை அவர் தலையணைக்கு அடியில் வைத்தார், அப்புறம் தலையணையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கீழே வாசலில் யாரோ நடமாடுவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கீழ்வீட்டு ஆரோக்கியமேரி, வீட்டுக்காரம்மா, நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு மாடியைப் பார்த்து நின்றாள். அவள் குரல் அந்தத் தெருவுக்கே தெரியும், காய்காரனிடம் பேரம் பேசினால் கோடி வீட்டில் கேட்கும். நாகலிங்கம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மேரி வாயைத் திறந்தாள், மூடினாள், கையை வாய் பக்கத்தில் குவித்துக்கொண்டு மறுபடி திறந்தாள். தண்ணீர் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. மோட்டார் மட்டும்தான் கேட்டது. மோட்டாரா இல்லை தன் காதா என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. மோட்டாரை நிறுத்துங்க என்று கை காட்டலாம். காட்டி, அவள் நிறுத்தி, அப்போதும் கேட்காவிட்டால்? அவர் புரிந்தவர்போல, கல்யாண வீட்டில் இடப்பக்கம் உட்கார்ந்தவரிடம் எத்தனையோ தடவை செய்ததுபோல, சிரித்துத் தலையாட்டினார். மேரி கையை உதறிவிட்டு உள்ளே போனாள். அவள் போன பிறகு வெகுநேரம் கம்பியை விடாமல் நின்றார். சிரித்தது தப்போ? என்ன சொன்னாளோ, சாவுச் செய்தியாக இருந்தால்? சாவுச் செய்தி என்றால் இப்படி நின்று கத்துவாளா, மேலே ஏறி வருவாள். வந்தால் என்ன செய்வது? கதவைத் தாழ்போட்டார். தாழ் விழுந்த சத்தம் கேட்டது. இனிமேல் இப்படித்தான், கேட்ட சத்தங்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு இருக்க வேண்டியது.

மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தார். லினக்ஸ் குழுவில் கேட்டுப் பார்க்கலாம், அவர்கள் நல்லவர்கள், ஐயா ஐயா என்று பொறுமையாகச் சொல்வார்கள். "வணக்கம். பதிவில் பெண் குரல் மட்டும் கேட்கவில்லை" என்று அடித்தார். படித்துப் பார்த்தார். என்ன பதிப்பு, என்ன ஒலி அட்டை, எந்த நிரல் என்று கேட்பார்கள், கடைசியில் ஒருவன், ஐயா, வேறு யாரையாவது கேட்கச் சொல்லிப் பாருங்களேன் என்பான். ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். எதையாவது தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஒலி அமைப்புப் பெட்டியைத் திறந்தார். பாதி தமிழும் பாதி இங்கிலீஷுமாக இருக்கிற அந்தப் பெட்டியை அவர் திறந்து இரண்டு வருஷம் இருக்கும். வெளியீடு என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரி இருந்தன, மானிட்டர் ஒன்று, ஹெட்போன் ஒன்று. அதன் கீழே, சோதித்துப் பார் என்று ஒரு பொத்தான். அமுக்கினால் இடம் வலமாக இரண்டு ஸ்பீக்கர் படம் வரும். அந்தப் படத்தைத் தொட்டால் உள்ளேயிருந்து ஒரு வெள்ளைக்காரி எந்தப் பக்கம் என்று சொல்வாள். வெள்ளைக்காரி. பெண்தான். இத்தனை நேரம் இந்தப் பெட்டிக்குள் ஒரு பெண் உட்கார்ந்துகொண்டிருந்தாள், அவர் வீடெல்லாம் தேடியிருக்கிறார். ஹெட்போனை மாட்டிக்கொண்டார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். முதலில் இடது படத்தைத் தொட்டார், தைரியத்துக்காக, கேட்காது என்று தெரிந்ததை முதலில் தொடுவோம் என்று. கேட்கவில்லை. சரி. அது எப்போதும் அப்படித்தான். அப்படித்தானா? போன தடவை தொட்டபோது கேட்டதே. இடது படத்தைத் தொட்டாலும் வலது காதில் கேட்கும்படி அல்லவா செய்து வைத்திருந்தது. அந்த எண்ணம் முழுசாக முடிவதற்குள் விரல் வலது படத்தை அமுக்கிவிட்டது. "ஃப்ரன்ட் ரைட்" என்றாள் ஒருத்தி, தெளிவாக, சளி பிடிக்காத தொண்டையில், அவர் காது மடலில் உதடு வைத்து. அவர் திரும்பவும் அமுக்கினார். ஃப்ரன்ட் ரைட். ஃப்ரன்ட் ரைட். எத்தனை தடவை அமுக்கினார் என்று எண்ணவில்லை.

அப்புறம்தான் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தேடினவன் மாதிரி. வெளியீட்டில் மூன்று வரி இருக்க வேண்டும், இரண்டுதான் இருக்கிறது. மூன்றாவதுக்கு அவரே ஒற்றைக்காது என்று பெயர் வைத்திருந்தார். ஒரு காது உள்ளவன் ஹெட்போன் போட்டால் பாதிச் சத்தம் வீணாகப் போகிறது, இரண்டு பக்கத்தையும் கலந்து ஒரே காதுக்குத் தர ஒரு பொத்தான் வைத்தாலென்ன என்று குழுவில் கேட்டிருந்தார். பொத்தான் இல்லைங்க ஐயா, கட்டளையாத்தான் கொடுக்கணும் என்று எழுதி அனுப்பினார்கள், அதை எழுத்தெழுத்தாகப் பார்த்து அடித்து, கம்ப்யூட்டர் எழும்போதெல்லாம் அதுவும் எழும்படி செய்துவிட்டு மறந்துபோனார். நேற்றைய மாற்றத்தில் அது கழன்று விழுந்திருக்கிறது. ஆய்வாளருக்கு ஒரு மைக், அந்த அம்மாளுக்கு ஒரு மைக். அவர் வலது பக்கம், அவள் இடது பக்கம். திரையில் நெளிந்தது ஒரு கோடு இல்லை, மேலும் கீழுமாக இரண்டு. கேள்வியெல்லாம் கீழ்க்கோட்டில், பதிலெல்லாம் மேல்கோட்டில். அதைப் பார்த்துக்கொண்டேதான் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார். கட்டளையை அப்புறம் தேடிக்கொள்ளலாம். ஹெட்போனைக் கழற்றி, இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு பதிவை ஓடவிட்டார். இப்போது ஆய்வாளர் கதவுக்குப் பின்னால் போனார், அந்த அம்மாள் முன்னால் வந்தாள். கரகரத்த குரல், உப்புக்காற்று பட்ட குரல். "யார்ட்டயும் சொல்லல தம்பி. ஆத்தாட்ட சொன்னா அழும். அழுதா நானும் அழுவேன். பொறவு ரெண்டு பேருமா அழுதுட்டு மறுநாளும் எறங்கத்தான செய்யணும்?" என்று சொல்லிவிட்டு அவள்தான் சிரித்தாள். நாகலிங்கம் பதிவை நிறுத்திவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தலையணைக்கு அடியில் போன் மறுபடி அடித்தது. எடுத்து வலது காதில் வைத்தார்.

"ஏங்க, உசுரோடதான் இருக்கீங்களா? எத்தன தடவ அடிக்கிறது!"

"இருக்கேன். சொல்லு."

"என்னத்தச் சொல்ல. பயந்து போயி மேரியக்காவுக்கு அடிச்சேன், போய்ப் பாருங்கக்கான்னு. அவங்க கீழ நின்னு தொண்டத்தண்ணி வத்தக் கத்துனாங்களாம். நீங்க மகராசன் மாதிரி சிரிச்சுத் தலையாட்டிட்டு உள்ள போயிட்டீங்களாம். உங்க வீட்டுக்காரரு நல்லாத்தான் இருக்காரு, எனக்குத்தான் என்னமோ போல இருந்துச்சுங்கிறாங்க."

"மோட்டார் ஓடுச்சு."

"ஆமா, மோட்டார். மாவு அரைச்சீங்களா?"

அரைக்கவில்லை. அதைச் சொல்லாமல், "வளைகாப்பு எப்படி நடந்துச்சு, சொல்லு" என்றார்.

"என்ன இன்னிக்கு? எப்பவும் சரி வையிம்பீங்க" என்றாள். ஆனாலும் ஆரம்பித்துவிட்டாள். சாருமதிக்கு முகமெல்லாம் வீங்கிப்போய் அழகாக இருந்தது, மாமியாக்காரி தனக்கும் வளையல் போடச் சொல்லி அது விரல் முட்டிக்கு மேல் ஏறாமல் சிக்கிக்கொண்டது, சோப்பு போட்டு உருவினார்கள், புளிச்சாதத்தில் உப்பு இல்லை, எலுமிச்சைச் சாதத்தில் உப்பு மட்டும்தான் இருந்தது. நாகலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். குரல் வந்தது, அதன் கரகரப்பு, வாக்கியக் கடைசியில் ஏறுகிற இழுப்பு, எல்லாம் வந்தது. டைப் அடித்ததைச் சரிபார்ப்பதுபோல ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக்கொண்டு வந்தார், அப்படிக் கேட்டதால்தான் தெரிந்தது. சாருமதி என்னும்போது முதல் எழுத்து விழவில்லை. ஆருமதி என்றுதான் விழுந்தது. சோப்பு, ஓப்பு. சாதம், ஆதம். அர்த்தம் தெரிந்ததால் மனது இட்டு நிரப்பிக்கொள்கிறது, காது கொண்டுவருவதில்லை. எத்தனை நாளாக இப்படி?

"கேக்குறீங்களா? ஒரு ம் கொட்டுனா என்ன? நான் என்ன செவுத்துக்கிட்டயா பேசிட்டிருக்கேன்?"

"ம்" என்றார் நாகலிங்கம். "சுலோ, அன்னிக்கு டாக்டர்கிட்ட போனேன்ல. அவரு சொன்னத நான் உன்கிட்ட முழுசாச் சொல்லல."

கரூரில் பின்னால் பிள்ளைகள் ஓடுகிற சத்தமும் யாரோ இலை எடுக்கச் சொல்கிற சத்தமும் இருந்தன. அவள் அங்கிருந்து விலகி எங்கோ நடந்து போவது தெரிந்தது. ஒரு கதவு சாத்தப்பட்டது.

"சொல்லுங்க."

அவர் சொல்ல ஆரம்பித்தார். கண்ணாடி அறையிலிருந்து, கேட்காமலே பொத்தானை அமுக்கியதிலிருந்து. அவள் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் நிறுத்துகிற இடத்திலெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு "ம்" வந்தது. அது தாழ்ந்த சத்தம். நன்றாகக் கேட்டது.